மூத்த களிறுகள் இல்லாத காடு



விலங்குகளின் நடத்தையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நடத்தை என்றதும் ஒரு விலங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அது எப்படி உண்கிறது, எப்படிச் சண்டையிடுகிறது, எப்படி இணைசேர்கிறது என்று பார்ப்பதுதான் பாடநூல்கள் நமக்குப் பழக்கிய வழி. இன்று வேறொரு பக்கத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். கூட்டமாக வாழும் ஓர் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பெரும்பகுதி அதன் கூட இருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களை எடுத்துவிட்டால், அதே உடம்பும் அதே ரத்தமும் கொண்ட அந்த உயிர் நாம் அறியாத வேறொன்றாக மாறிவிடுகிறது. எனக்குத் தெரிந்தவற்றுள் இதற்கு மிகத் தெளிவான சாட்சி தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் பிலானஸ்பர்க் என்ற பூங்கா இருக்கிறது. பழைய எரிமலை ஒன்றின் வாய்க்குள் அமைந்த காடு. அங்கே 1992 தொடங்கி 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் செத்துக் கிடந்தன. காண்டாமிருகம் செத்தால் முதல் சந்தேகம் கள்ள வேட்டைக்காரர்கள் மேல்தான் விழும். ஆனால் கொம்புகள் அப்படியே இருந்தன. தோளிலும் கழுத்திலும் ஆழமாகக் குத்திய காயங்கள். விசாரித்துப் பார்த்ததில், குத்தியவை யானைகள். அதுவும் இருபது வயதைக்கூட எட்டாத இளம் ஆண் யானைகள். யானையும் காண்டாமிருகமும் ஒரே நீர்நிலையில் தண்ணீர் குடிப்பவை. ஒன்றையொன்று விரட்டுவது உண்டு, தேடிப்போய்க் கொல்வது வழக்கமில்லை. இந்த இளங்களிறுகள் ஏன் இப்படி ஆயின?

விடை பல நூறு கிலோமீட்டர் தள்ளி, க்ரூகர் தேசியப் பூங்காவில் இருந்தது. அங்கே யானைகள் பெருகிக் காட்டை அழித்துவிடும் என்ற கணக்கில், 1967 முதல் 1994 வரை 14,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சுட்டார்கள். வளர்ந்த யானையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் வசதி அக்காலத்தில் இல்லை. குட்டிகளை ஏற்றலாம். ஆகவே குட்டிகளை மட்டும் உயிரோடு விட்டு, புதிதாகத் தொடங்கிய பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். பிலானஸ்பர்க் 1979இல் தொடங்கிய பூங்கா. அங்கு வந்திறங்கியவை தாயும் சுற்றமும் கண்ணெதிரே சாகப் பார்த்த குட்டிகள். அவற்றை வரவேற்க அங்கே ஒரு மூத்த களிறும் இல்லை.

செய்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புதிய பூங்காவுக்கு யானைகள் வேண்டும், குட்டிகள் பிழைக்கவும் வேண்டும் என்று நினைத்தார்கள். குட்டிகள் பிழைத்தன, வளர்ந்தன, எண்ணிக்கை ஏறியது. கணக்கேட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. பத்து ஆண்டு கழித்துத்தான், பிழைத்தது உடம்பு மட்டுமே என்பது தெரிந்தது.

இங்கே மதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதம் பிடித்த களிற்றைத் தமிழர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக அறிவோம். கன்னத்துளையில் மதநீர் வடியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பன்மடங்கு ஏறும். ஆசிய யானைக்கே உரியது இது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆப்பிரிக்க யானைக்கும் மதம் உண்டு என்பதை 1981இல் ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இயல்பான கூட்டத்தில் ஆப்பிரிக்கக் களிறு இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் ஒழுங்காக மதம் கொள்ளத் தொடங்கும். அதுவும் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டும். ஏனென்றால், மதம் கொண்ட இளங்களிறு தன்னைவிடப் பெரிய களிறு ஒன்றைக் காட்டில் எதிர்கொள்கிறது. பெரியது காதை விரித்து ஓர் அடி முன்னால் வைக்கிறது. அவ்வளவுதான். சிறியதன் மதம் அடங்கிவிடுகிறது, மதநீர் வற்றிவிடுகிறது.

பிலானஸ்பர்க்கில் அந்தப் பெரியவர் இல்லை. பதினெட்டு வயதிலேயே மதம் வந்தது. வந்த மதம் மாதக்கணக்கில் நீடித்தது. ஐந்து மாதம் வரைகூட. அத்தனை மாதம் அந்தக் கொதிப்போடு அலையும் களிற்றின் வழியில் அகப்பட்டவை காண்டாமிருகங்கள்.

1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து பிலானஸ்பர்க்கில் விட்டார்கள். அதற்குள் வளர்ந்த யானையை ஏற்றும் லாரிகள் வந்துவிட்டன. வந்த ஆறும் இளையவற்றுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. தம் வழியே நடந்தன, மேய்ந்தன, எதிர்ப்பட்டபோது தம் உருவத்தைக் காட்டின. இளங்களிறுகளின் மதக்காலம் சுருங்கியது. காண்டாமிருகக் கொலை நின்றது. ராப் ஸ்லோட்டோவும் அவருடைய குழுவினரும் இதை 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இரண்டு பக்கம்கூட வராத அந்தக் கட்டுரையை விலங்கியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன்.

இது பிறவிக் குணம், இது ஹார்மோன் செய்யும் வேலை, இதில் கூட்டத்துக்கு என்ன பங்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். மதம் என்பது ஹார்மோன்தான். ஆனால் அந்த ஹார்மோன் எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதைப் பக்கத்தில் நிற்கும் பெரிய களிறு தீர்மானிக்கிறது. நரம்புக்கும் சுரப்பிக்கும் உள்ளேயே கூட்டம் நுழைந்துவிடுகிறது. பாலைவன வெட்டுக்கிளியைப் பாருங்கள். தனியே திரியும்போது கூச்ச சுபாவமுள்ள பூச்சி. மற்ற வெட்டுக்கிளிகளோடு நெருக்கியடித்து, பின்னங்கால்கள் அடிக்கடி உரசப்பட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் கூட்டத்தைத் தேடிப் போகும் பூச்சியாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை நடத்துவது செரோட்டோனின் என்று 2009இல் கண்டறிந்தார்கள். நம் மூளையிலும் சுரக்கும் அதே செரோட்டோனின்தான்.

களிறுகளைப் பற்றியே பேசிவிட்டேன். யானைக் கூட்டத்தின் நினைவு இருப்பதோ மூத்த பிடியிடம். கென்யாவின் அம்போசெலியில் 1972 முதல் சிந்தியா மாஸ் ஒவ்வொரு யானையையும் பெயரிட்டு அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறார். அந்தக் குடும்பங்களிடையே கேரன் மெக்கோம்ப் ஒலிபெருக்கி வைத்து மற்ற யானைகளின் குரலை ஒலிக்கவிட்டார். மூத்த பிடி தலைமை தாங்கும் குடும்பங்கள் பழகிய குரலுக்கு அமைதியாகவும், அந்நியக் குரலுக்கு உடனே ஒன்றுகூடியும் நின்றன. இளைய பிடி தலைமை தாங்கிய குடும்பங்களால் அவ்வளவு துல்லியமாகப் பிரித்தறிய முடியவில்லை. தேவையில்லாமல் பதறுவதும் ஒரு செலவுதான். மேய்ச்சல் கெடுகிறது, குட்டி பால் குடிப்பது தடைப்படுகிறது. மூத்த பிடியுள்ள குடும்பங்களில் பிறக்கும் கன்றுகளும் கூடுதல் என்று 2001இல் மெக்கோம்ப் எழுதினார். பின்னர் நடந்த சோதனை இன்னும் வியப்பானது. யானைகளை ஈட்டியால் குத்தும் வழக்கமுள்ள மசாய் ஆண்களின் பேச்சையும், உழவர்களான கம்பா ஆண்களின் பேச்சையும் ஒலிக்கவிட்டபோது, யானைகள் மசாய்ப் பேச்சைக் கேட்டதும் கூடி விலகின. மசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கு அவ்வளவு அஞ்சவில்லை.

தான்சானியாவின் தரங்கிரேயில் 1993இல் கடும் வறட்சி வந்தது. ஒன்பது மாதத்தில் 81 கன்றுகளில் 16 இறந்தன. பூங்காவைவிட்டு வெளியேறி வேறிடம் போன குடும்பங்களில் இழப்பு குறைவு. அந்தக் குடும்பங்களில் 1958 முதல் 1961 வரை நீடித்த பழைய வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயதுள்ள பிடிகள் இருந்தன. முப்பது ஆண்டுக்கு முன் குட்டியாக நடந்த வழி குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தந்தத்துக்காகச் சுடுபவன் பெரிய தந்தத்தைத்தான் தேடுவான்; பெரிய தந்தம் வயதானதிடம் இருக்கும். ஒரு குண்டில் போவது ஒரு யானையின் உயிரோடு நிற்பதில்லை.

அநாதைக் குட்டிகளாக வந்த பிலானஸ்பர்க் பெண் யானைகளுக்கு, மெக்கோம்பும் கிரேம் ஷானனும் அதே ஒலிச்சோதனையைச் செய்தார்கள். அவற்றின் குடும்பங்கள் சுடப்பட்ட காலத்திலிருந்து பல்லாண்டு கடந்திருந்தது. யானைகள் கொழுத்து, குட்டி ஈன்று, பார்வைக்கு நலமாகவே இருந்தன. ஆனால் பழகிய குரலையும் அந்நியக் குரலையும், மூத்த குரலையும் இளைய குரலையும் அவற்றால் பிரித்து உணர முடியவில்லை. 2013இல் வந்த இந்த முடிவு என்னை மிகவும் கலங்க வைத்தது. காண்டாமிருகக் கொலைபோல இது கண்ணுக்குத் தெரிகிற கேடு இல்லை. யாரும் விசாரிக்க வரமாட்டார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். களிறு தனியே திரியும், பருவம் வந்ததும் தாய்க்கூட்டத்தைவிட்டுப் பிரியும் என்றே நாம் படித்திருக்கிறோம். தென்னிந்தியாவில் காடும் வயலும் கலந்து கிடக்கும் பகுதிகளில் நிஷாந்த் ஸ்ரீனிவாசையாவின் குழு 248 ஆண் யானைகளைப் புகைப்படத்தால் அடையாளம் கண்டு, 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மனிதர் நடமாட்டம் மிகுந்த, பயிர் விளையும் நிலங்களில் இளங்களிறுகள் ஒன்றுசேர்ந்து நிலையான ஆண் கூட்டங்களாக வாழத் தொடங்கியிருக்கின்றன. ஆபத்தான இடத்தில் துணை வேண்டியிருக்கிறது. வயலுக்குள் எப்போது இறங்குவது, எப்போது வெளியேறுவது என்பதை ஒன்று மற்றொன்றிடம் கற்க இந்தக் கூட்டமே இடம் தருகிறது. அம்போசெலியிலும், பயிர் மேயும் மூத்த தோழர்களோடு திரியும் களிறு தானும் பயிர் மேயப் பழகுகிறது என்று பாட்ரிக் சியோ 2012இல் காட்டினார். ஆக, மூத்த களிறு எல்லாவற்றையும் அடக்கிவைக்கும் சான்றோன் என்று நான் சொல்லவில்லை. அது எதைச் செய்கிறதோ அது பரவுகிறது.

அப்படியிருக்க, ஊருக்குள் வரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுவதை நாம் ஒரு தீர்வாக வைத்திருக்கிறோம். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் சின்னத்தம்பி என்ற களிற்றைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதே பகுதியில் திரிந்த விநாயகன் என்ற களிறு முதுமலைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது. சின்னத்தம்பி காட்டில் நிற்கவில்லை; உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்து வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் இடுக்கி சின்னக்கனாலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற களிறு, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் குழு, இடம் மாற்றிய 12 களிறுகளுக்குக் கழுத்துப் பட்டை கட்டிப் பின்தொடர்ந்தது. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன, சிலவே விட்ட இடத்தின் அருகே தங்கின. மோதல் குறையவில்லை, புதிய ஊர்களுக்கும் பரவியது. யானைச் சாவும் கூடியது என்று 2012இல் எழுதினார்கள்.

களிற்றுக்குத் தான் அறிந்த நிலம் உண்டு, அறிந்த தோழர்கள் உண்டு, தனக்கு மேல் யார், கீழ் யார் என்ற கணக்கு உண்டு. அத்தனையிலிருந்தும் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டு, யானை பத்திரமாக விடப்பட்டது என்று செய்திக்குறிப்பு வெளியிடுகிறோம். கூரையைப் பிரித்து ஓடுகளை எண்ணி அடுக்கிவிட்டு, வீடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வனத்துறையினரின் இக்கட்டு எனக்குப் புரிகிறது. வயலில் நிற்கும் உழவனுக்கு அன்றிரவே விடை வேண்டும். ஆள் செத்த ஊரில் ஆராய்ச்சி பேச முடியாது. ஆனாலும் எந்தக் களிற்றை எடுக்கிறோம், அது யாரோடு திரிந்தது, அதன் பின்னால் நடந்த இளையவை எவை என்ற விவரம் பிடிப்பதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். ஜிம்பாப்வேயின் கொனரேசூ காட்டில் 1990களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது நூற்றுக்கணக்கான யானைகளைக் குடும்பம் பிரிக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். முடியும் என்று தெரிந்த வேலைதான்.

கூட்டம் எப்போதும் நல்லதையே தருமா? தராது. தென்னாப்பிரிக்காவில் வெர்வெட் குரங்குகளுக்கு எரிக்கா வான் டி வால் இரண்டு பெட்டிகளில் சோளம் வைத்தார். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம். ஒரு கூட்டத்துக்கு நீலத்தையும் வேறொரு கூட்டத்துக்கு இளஞ்சிவப்பையும் கசப்பாக்கினார். குரங்குகள் கசப்பை ஒதுக்கக் கற்றன. பிறகு கசப்பை நீக்கிவிட்டு, இரண்டையும் ஒரே சுவையில் வைத்தார். அதற்குள் பிறந்த 27 குட்டிகளில் 26, தாய் தின்ற நிறத்தை மட்டுமே தின்றன. மற்றதைத் தொட்டும் பார்க்கவில்லை. எதிர்நிறம் தின்னும் கூட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பத்து ஆண் குரங்குகளில் ஒன்றைத் தவிர மற்றவை, வந்த இடத்து நிறத்துக்கு உடனே மாறிவிட்டன. மாறாத ஒன்று, வந்ததும் தலைமை இடத்தைப் பிடித்துக்கொண்ட குரங்கு. தான் சுவைத்து அறிந்ததைவிட, சுற்றி இருப்பவர்கள் செய்வது பெரிதாகிவிடுகிறது. காரணம் தீர்ந்துபோன பிறகும் வழக்கம் நிற்கிறது.

ஆனால் வழக்கம் மாறவும் மாறும். கென்யாவின் மசாய் மாராவில் ராபர்ட் சபோல்ஸ்கி பல்லாண்டு பார்த்துவந்த பபூன் கூட்டம் ஒன்றில், சண்டைக்கார ஆண்கள் சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டுக்குப் போய் அங்கே இரை தேடின. 1980களின் முதற்பாதியில் அங்கிருந்த இறைச்சியால் காசநோய் வந்து அவை அத்தனையும் மடிந்தன. எஞ்சியவை பெண்களும், சண்டைக்குப் போகாத ஆண்களும். கூட்டத்தில் அடிதடி குறைந்தது, ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது கூடியது. இதில் வியப்பில்லை. பபூன்களில் ஆண்கள் பருவத்தில் பிறந்த கூட்டத்தைவிட்டு வேறு கூட்டத்துக்குப் போகும். 1993 ஆவதற்குள் அந்தக் கூட்டத்தின் பழைய ஆண்கள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, அடித்துப் பிடித்து வாழும் கூட்டங்களில் வளர்ந்தவை. ஆனாலும் அந்தக் கூட்டம் சாதுவாகவே இருந்தது. கீழ்நிலை ஆண்களின் உடம்பில் வழக்கமாகக் காணும் மன அழுத்த அறிகுறிகளும் இல்லை. புதிதாக வரும் ஆணை அங்கிருந்த பெண்கள் மற்றக் கூட்டங்களைவிட மிக விரைவில் அருகே சேர்த்துக்கொண்டன. அடிபடாமல் நுழைந்தவன் அடிக்கவும் பழகவில்லை. 2004இல் சபோல்ஸ்கியும் லிசா ஷேரும் எழுதிய இந்த ஆய்வைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை.

மனிதரிடம் வந்தால், பெரியவர் துணையில்லாத குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. சௌசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது அரசு விடுதிகளில் பெரும் எண்ணிக்கையில் குழந்தைகள் இருந்தார்கள். உணவு கிடைத்தது, துணி கிடைத்தது. பார்த்துக்கொள்ளும் ஆட்கள் முறை மாறி வந்துபோனார்கள். தன்னுடையவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சார்லஸ் நெல்சன், நேதன் பாக்ஸ், சார்லஸ் சீனா மூவரும் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைத் தேர்ந்து, சரிபாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நான்கரை வயதில் அறிவுத்திறன் அளவு, விடுதிப் பிரிவில் சராசரி 73. குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட பிரிவில் 81. பெற்றோரிடமே வளர்ந்த குழந்தைகளிடம் 109. இரண்டு வயதுக்கு முன்னே குடும்பம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். தொட்டிலில் கிடந்து தன்னைத்தானே ஆட்டிக்கொண்டிருந்த குழந்தைக்குப் பாலும் மருந்தும் மட்டும் போதாது, ஆளும் வேண்டியிருந்தது.

நம் கல்லூரி விடுதிகளைப் பற்றியும் இந்த மேடையில் பேசியாக வேண்டும். 1996இல் தமிழ்நாட்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதி செய்தது. சட்டம் தேவை, அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ராகிங்கில் ஈடுபடுபவர்களில் பலர் சென்ற ஆண்டு அதை அனுபவித்தவர்கள். தொடங்கிவைத்தவர்கள் படித்து முடித்துப் போன பிறகும் வழக்கம் விடுதியிலேயே தங்கிவிடுகிறது. பபூன் கூட்டத்தில் சாந்தம் எந்த வழியாகக் கைமாறியதோ, இங்கே கொடுமை அதே வழியாகக் கைமாறுகிறது: புதியவன் வந்து இறங்கும் முதல் சில வாரங்கள்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். எந்தக் கோடு காட்டிய கோட்டுக்குச் சம நீளம் என்ற எளிய கேள்வி. முன்கூட்டியே பேசிவைத்த ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் தவறாகச் சொல்ல, உண்மையான பங்கேற்பாளரும் மூன்றில் ஒரு பங்கு தடவைக்கு மேல் அவர்களோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். இவ்வளவும் எல்லோரும் எடுத்துச் சொல்வது. அதன் பிற்பகுதியைச் சொல்வோர் குறைவு. சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணையை ஆஷ் அந்த அறையில் உட்காரவைத்தபோது, அந்தத் தவறு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பெரும்பான்மை அப்படியேதான் இருந்தது. கூட ஒருவர் இருந்தார், அவ்வளவே.

ஆகவே இங்கு வந்திருக்கும் முதல்வர்களிடமும் விடுதிக் காப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜூலையில் புதிய மாணவர்கள் வரும்போது, அவர்களைச் சீனியர்களிடமிருந்து பிரித்துத் தனிக் கட்டடத்தில் வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது பாதுகாப்பு, அதை விட்டுவிடவும் சொல்லவில்லை. அதோடு சேர்த்து, பொறுப்பான மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து, தளத்துக்கு இருவர் என்று முதல் மாதத்திலேயே அங்கே குடிவையுங்கள். அவர்கள் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். மெஸ்ஸில் புதியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும், எந்தப் பேருந்து ஊருக்குப் போகும் என்று சொல்லட்டும், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும். யாரை அனுப்புகிறோம் என்பதை மே மாதத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.